வீட்டுக்குள் வளரும் தக்காளி, மிளகாய் நாற்றுகளில் இலைகள் மஞ்சளாகின்றன: சத்துக் குறைவா, நோயா, தண்ணீரா?

கேள்வி: ஒயிட்ஃபீல்டு நாற்றங்கால்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்ககத்தின் 11ஆம் தளத்தில் குடியிருக்கிறேன். எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது. வெயில் போதாது, போதாக்குறைக்குப் புறாக்கள் நாற்றுகளைக் கிள்ளிப் போட்டுவிடுகின்றன. ஆகவே ஜூன் முதல் வாரத்தில் விதை போட்டு, 8 தக்காளி நாற்றுகளையும் 6 மிளகாய் நாற்றுகளையும் பூஜை அலமாரி இருக்கும் சிறிய அறையில், இரண்டு 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்குகளுக்கு அடியில் வளர்த்து வருகிறேன். முதல் மூன்று வாரங்கள் கண்ணுக்கு நிறைவாக வளர்ந்தன. இப்போது ஆறாவது வாரம். ஒவ்வொரு செடியிலும் ஏதாவது ஒரு குறை தெரிகிறது.

தக்காளிச் செடிகளில் அடியிலிருக்கும் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகிறது. அதே இலைகளின் விளிம்பு தணலில் காட்டிய காகிதம்போலப் பழுப்பாகக் காய்ந்து, தொட்டால் உதிர்கிறது. இரண்டு செடிகளில் மட்டும் மேல் இலைகளிலும் வெளிறிய திட்டுகள் பரவியிருக்கின்றன. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் கசகசா அளவில் சிறு சிறு புடைப்புகள் இருக்கின்றன. மிளகாயில் இரண்டு செடிகளின் குருத்திலைகள் சுருங்கி, விளிம்புகள் மேல்நோக்கி மடங்கிப் படகுபோல ஆகிவிட்டன.

கடையில் வாங்கிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, அதனுடன் மண்புழு உரம் கால் பங்கு கலந்து, 4 அங்குலத் தொட்டிகளில் நிரப்பினேன். நாள்தோறும் காலையில் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். வாரம் ஒரு முறை லிட்டருக்கு 1 கிராம் 19:19:19 கலப்பு உரம் கொடுத்து வந்தேன். மஞ்சள் தெரிந்த பிறகு அதை 2 கிராமாக உயர்த்தினேன். சன்னல் வெளிச்சம் குறைவு என்பதால் விளக்கை இரவிலும் அணைப்பதில்லை. வேப்பெண்ணெய் ஒரு முறை தெளித்தேன். மாற்றம் ஒன்றும் இல்லை.

நாற்றுகளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. இவை கும்பகோணத்தில் என் அத்தை கொல்லையிலிருந்து வந்த விதைகள். எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: சிவாஜி நகர் மாடித்தோட்டம்

முதல் வேலையாக உரத்தை நிறுத்துங்கள். மருந்தும் வேண்டாம். நீங்கள் விவரித்தது ஒரே நோயாகத் தோன்றவில்லை. மூன்று நான்கு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்றே நினைக்கிறேன். அவற்றைப் பிரித்தறிய மூன்று செய்திகள் வேண்டும். உங்கள் அடுக்ககத்திற்கு வருவது காவிரித் தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா, டேங்கர் தண்ணீரா? அதை மென்னீராக்கும் சாஃப்ட்னர் கருவி இருக்கிறதா? கோகோபீட்டை ஊறவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினீர்களா, அல்லது அப்படியே பயன்படுத்தினீர்களா?

கேள்வி கேட்டவரின் பதில்: ஒயிட்ஃபீல்டு நாற்றங்கால்

உடனே பதில் சொன்னதற்கு நன்றி. கோகோபீட்டை ஊறவைத்த அளவிலேயே பயன்படுத்தினேன், வடிக்கவில்லை. தண்ணீரைப் பற்றி இன்று காலை பம்பு அறைக்குச் சென்று பராமரிப்பாளரிடம் கேட்டேன். எங்கள் வளாகத்திற்குக் காவிரி இணைப்பு கிடைத்திருந்தாலும் பெரும்பகுதி இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். கோடையில் டேங்கரும் வரும். பம்பு அறையில் ஆளுயர நீலத் தொட்டி ஒன்றும், அதன் பக்கத்தில் சுவரோடு சேர்த்து அடுக்கிய உப்பு மூட்டைகளும் இருந்தன. வாரந்தோறும் எத்தனை மூட்டை உப்பு போடுகிறார்கள் என்று பார்த்தபோதுதான் எனக்கே சற்று விளங்கியது. நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்ததில் குழாய் நீர் 780 பிபிஎம், சமையலறை ஆர்.ஓ. நீர் 60 பிபிஎம் காட்டியது.

பதில் 2: ஹெப்பாள் விதைப்பெட்டி

உங்கள் பம்பு அறையில் இருந்த உப்பு மூட்டைகளே பாதி விடையைச் சொல்லிவிட்டன. சற்று விரிவாக எழுதுகிறேன். இதே தண்ணீரால் நானும் இரண்டு பருவங்கள் நாற்றுகளை இழந்திருக்கிறேன்.

இலையில் மஞ்சளைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது, அது பழைய இலையில் தொடங்கியதா, புதிய இலையில் தொடங்கியதா என்பதுதான். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. வேர் வழியாகப் போதிய அளவு வராதபோது, செடி அவற்றைப் பழைய இலைகளிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடுகிறது, அதனால் குறை அடியிலைகளில் முதலில் தெரியும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), போரான் போன்றவை ஒருமுறை இலையில் படிந்துவிட்டால் எளிதில் நகர்வதில்லை. அவற்றின் குறை குருத்தில்தான் முதலில் வெளிப்படும். உங்கள் தக்காளியில் அடியிலை, நரம்பு பச்சை, இடைப்பகுதி மஞ்சள். இது மெக்னீசியக் குறையின் தெளிவான அடையாளம். இதே தோற்றம் குருத்திலையில் இருந்திருந்தால் இரும்புக் குறை என்று சொல்லியிருப்பேன். தழைச்சத்துக் குறையாக இருந்தால் நரம்பு, இடைப்பகுதி என்ற வேறுபாடு இல்லாமல் அடியிலை முழுவதும் ஒரே சீராக வெளிறியிருக்கும்.

மண்புழு உரமும் கலப்பு உரமும் கொடுத்தும் மெக்னீசியம் ஏன் குறைகிறது என்பதற்கு உங்கள் பதிவிலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது சாஃப்ட்னர். பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் கருங்கல் பாறைகளுக்கு இடையே இறங்குபவை. அந்த நீரில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் மிகுதி. சாஃப்ட்னரில் இருக்கும் பிசின் மணிகள் அவ்விரண்டையும் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகின்றன. மணிகள் நிறைந்துவிட்டால் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்கிறார்கள். அதற்குத்தான் அந்த மூட்டைகள். துணி துவைக்கவும் கீசர் கெடாமல் இருக்கவும் இது நல்லது. செடிக்கோ, வேண்டியதை எடுத்துவிட்டு வேண்டாததைக் கொடுக்கும் தண்ணீர் இது. சாஃப்ட்னர் நீரின் மொத்த உப்பைக் குறைப்பதில்லை, ஓர் உப்பை இன்னொன்றாக மாற்றுகிறது என்பதைத்தான் உங்கள் மீட்டர் காட்டிய 780 சொல்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் இல்லாத இடங்களில் 2000 வரை ஏற்கலாம் என்கிறது. ஆனால் ஆறு வார நாற்றுக்கு, அதுவும் சிறு தொட்டியில், 780 மிக அதிகம்.

இரண்டாவது கோகோபீட். தேங்காய் நாரில் இயல்பாகவே சாம்பல்சத்தும் சோடியமும் ஒட்டியிருக்கும். கழுவாமல் பயன்படுத்தினால் அவை அப்படியே தொட்டிக்குள் இருந்துவிடும். மேலும், நார்த்துகள்கள் சுண்ணாம்புச்சத்தையும் மெக்னீசியத்தையும் தம்மிடம் பிடித்துவைத்துக்கொண்டு, சாம்பல்சத்தையும் சோடியத்தையும் வெளியே விடும் தன்மையுள்ளவை. நாற்றுப்பண்ணைக்காரர்கள் கோகோபீட்டைப் பல முறை கழுவிய பின் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, மறுபடியும் அலசுவது இதற்காகத்தான். நாம் வீட்டில் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறோம். கட்டியைச் சுற்றியுள்ள உறையிலும் இது பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

மூன்றாவது உங்கள் உரம். 19:19:19 என்பது தழை, மணி, சாம்பல் மூன்றும் சம அளவில் உள்ள உரம். அதில் மெக்னீசியமும் இல்லை, சுண்ணாம்புச்சத்தும் இல்லை. ஏற்கெனவே சாம்பல்சத்து நிறைந்த நாரில் மேலும் சாம்பல்சத்தைச் சேர்க்கும்போது, அது வேர்வாயிலில் மெக்னீசியத்தை முந்திக்கொள்கிறது. ஆகவே நீங்கள் அளவை இரட்டிப்பாக்கிய வாரத்தில்தான் மஞ்சள் வேகமாகப் பரவியிருக்கும். தேதியை நினைவுபடுத்திப் பாருங்கள்.

விளிம்புக் கருகல் சாம்பல்சத்துக் குறையாலும் வரும். ஆனால் உங்கள் தொட்டியில் அதற்குப் பஞ்சமில்லை என்பதால், உப்பு மிகுதியே காரணம் என்று துணிந்து சொல்வேன். தொட்டியின் விளிம்பிலும் கோகோபீட்டின் மேற்பரப்பிலும் வெண்மையான படிவு இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். இருந்தால் ஐயமே வேண்டாம்.

மேல் இலைகளின் வெளிறிய திட்டுகளுக்குக் காரணம் வேறு, அது விளக்கு. தக்காளி இருளே இல்லாத வெளிச்சத்தைத் தாங்காத செடி. 24 மணி நேரமும் வெளிச்சம் பட்டால் இலைகளில் மாவுச்சத்து தேங்கி, பச்சையம் சிதைந்து, திட்டுத்திட்டாக வெளிறும். தாவரவியலார் இதை நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறார்கள். மிளகாய் இதில் அந்த அளவுக்கு வாடுவதில்லை, அதனால்தான் உங்கள் மிளகாயில் இது தெரியவில்லை. ஒரு டைமர் வாங்கி நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். இரவு என்பது செடிக்கும் வேண்டும்.

இலையடியில் இருக்கும் புடைப்புகள் பூச்சி முட்டைகளோ பூஞ்சையோ அல்ல. வேர் உறிஞ்சும் நீரை இலையால் ஆவியாக்கி வெளியேற்ற முடியாதபோது உயிரணுக்கள் வீங்கி வெடிப்பதால் வருபவை. ஜூலையில் பெங்களூர்க் காற்று ஈரமாக இருக்கும், அறை மூடியிருக்கும், நீங்கள் நாள்தோறும் ஊற்றுகிறீர்கள். தொற்றுநோய் அல்ல என்பதால் அஞ்ச வேண்டாம். சிறிய மின்விசிறி ஒன்றை மெதுவாக, இலைகள் லேசாக அசையும் அளவுக்கு ஓடவிடுங்கள். நாள் கணக்கு பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள்; தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, எடை குறைந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஒருமுறை முழுதும் நனைத்த தொட்டியையும் காய்ந்த தொட்டியையும் இரு கைகளிலும் தூக்கிப் பழகிவிட்டால், பிறகு கை தானாகவே சொல்லிவிடும்.

இனிச் செய்ய வேண்டியது: ஆர்.ஓ. நீரை எடுத்து, ஒவ்வொரு தொட்டியிலும் தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று நான்கு மடங்கு மெதுவாக ஊற்றி, அடியில் வடிய விடுங்கள். வடியும் நீரையும் மீட்டரால் அளந்து பாருங்கள். முதலில் ஆயிரத்துக்கு மேல் காட்டினாலும் வியப்பில்லை. அது 300, 400 என்று இறங்கும் வரை ஊற்றுங்கள். இரண்டு நாள் காய விட்டு, லிட்டருக்கு 1 கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து, விளக்கு அணைந்த பிறகு இலைகளின் மேல் தெளியுங்கள். அடுத்த வாரத்திலிருந்து ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட் ஒரு முறை, அடுத்த முறை அரை கிராம் 19:19:19 உடன் சிறிது எப்சம் உப்பு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். கால்சியம் நைட்ரேட்டை மற்ற இரண்டுடனும் ஒரே குடுவையில் கெட்டியாகக் கரைக்காதீர்கள். வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும், செடிக்குப் பயன்படாது.

கருகிய விளிம்பு மறுபடி பச்சையாகாது. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். இனி வரும் இலைகளை மட்டும் கவனியுங்கள்.

பதில் 3: கோரமங்களா அம்மா

ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். ஆர்.ஓ. கருவியிலிருந்து கழிவாக வெளியேறும் நீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், 2024 மார்ச்சில் நகரமே தண்ணீருக்குத் தவித்த நாட்களில், அதை வாளியில் பிடித்து என் கத்தரி நாற்றுகளுக்கு ஊற்றினேன். பத்தே நாளில் இலை விளிம்புகள் எல்லாம் கருகிவிட்டன. வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் அந்தக் கழிவு நீரில்தான் இருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அதைப் பயன்படுத்தலாம். தொட்டிச் செடிக்கு, அதிலும் நாற்றுக்கு, ஆகாது. மழைக்காலம் முடியும் வரை பால்கனிக் கம்பியில் ஒரு வாளியைக் கட்டி மழைநீர் பிடித்து வையுங்கள். என் நாற்றுகளுக்கு அதைவிட நல்ல தண்ணீரை நான் கண்டதில்லை.

பதில் 4: ராஜாஜி நகர் மிளகாய்க்காரர்

தக்காளியைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னது அனைத்தும் சரி. ஆனால் மிளகாய்க் குருத்தின் சுருக்கத்தைத் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அது பூச்சி.

மிளகாயில் இலை எந்தப் பக்கம் மடங்குகிறது என்பதே முதல் தடயம். இலைப்பேன் (திரிப்ஸ்) என்ற சிறு பூச்சி சாற்றை உறிஞ்சினால் விளிம்புகள் மேல்நோக்கி மடங்கும். முரணைச் சிலந்தி எனப்படும் மஞ்சள் சிலந்தி தாக்கினால் கீழ்நோக்கி, கவிழ்த்த படகுபோல மடங்கி, இலைக்காம்பு நீளும். உங்களுடையது மேல்நோக்கி என்பதால் இலைப்பேனையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வைரசிலும் இலை மேல்நோக்கிச் சுருளும். ஆனால் அதில் இலைகள் சிறுத்து, நரம்புகள் தடித்து, கணுக்களுக்கு இடையே தூரம் குறைந்து, செடி குட்டையாகிக் கொத்துக் கொத்தாக நிற்கும். வைரசுக்கு மருந்து கிடையாது. அந்த நிலை தெரிந்தால் செடியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதே வழி.

உறுதி செய்வது எளிது. வெள்ளைத் தாளைக் குருத்துக்கு அடியில் பிடித்து, விரலால் நான்கைந்து முறை தட்டுங்கள். ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்தில், நூல் துணுக்குபோல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஏதாவது விழுந்து ஊர்ந்தால் இலைப்பேன். ஒன்றும் விழாவிட்டால், நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு உருப்பெருக்கியால் இலையடியைப் பாருங்கள். சிலந்தி வெறும் கண்ணுக்குத் தெரியாது.

மூடிய அறைக்குள் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நாற்றுகள் பூஜை அறையில் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். கிருஷ்ணராஜ மார்க்கெட்டிலிருந்தோ தெருமுனைப் பூக்காரரிடமிருந்தோ வாங்கும் சாமந்தியும் ரோஜாவும் இலைப்பேனுக்கு மிகவும் பிடித்தவை. இதழ்களுக்குள் ஒளிந்து வந்து, பூ வாடியதும் பக்கத்திலிருக்கும் பசுமைக்குத் தாவும். சாமந்திப் பூ ஒன்றை வெள்ளைத் தட்டில் உதறிப் பாருங்கள், நானே பலமுறை கண்டிருக்கிறேன். இன்று மிளகாய் விவசாயிகளை வாட்டும் திரிப்ஸ் பார்விஸ்பினஸ் என்ற அயல்நாட்டு இலைப்பேன் இந்தியாவில் முதன்முதலில் 2015இல் பதிவானதும் இதே பெங்களூரில், பப்பாளிச் செடியில்தான். 2021இல் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா மிளகாய் வயல்களை அது எந்த அளவுக்கு அழித்தது என்பதை நாளேடுகளில் படித்திருப்பீர்கள்.

பாதித்த இரண்டு செடிகளையும் வேறு அறைக்கு மாற்றுங்கள். மிக மோசமான குருத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, இலையடியை நீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி காதி சோப்புக் கரைசலும் நன்றாகக் கலக்கி, ஐந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று தடவை, விளக்கு அணைந்த பிறகு இலையடியில் படும்படி தெளியுங்கள். ஒரே ஒரு முறை தெளித்து நிறுத்தியதால்தான் உங்களுக்குப் பலன் கிடைக்கவில்லை; முட்டை இலைத் திசுவுக்குள் இருப்பதால் அது மருந்துக்குத் தப்பி, சில நாளில் பொரித்துவிடும். நீல நிற ஒட்டும் அட்டை ஒன்றைச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள். குடியிருக்கும் அறையில் வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஆறு மிளகாய்ச் செடிகளுக்காக வீட்டிலிருக்கும் குழந்தைகள் அந்தக் காற்றைச் சுவாசிக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவரின் பதில்: ஒயிட்ஃபீல்டு நாற்றங்கால் (19 நாள் கழித்து)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததை எழுதிவைத்தால் இதே தண்ணீரோடு போராடும் மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் தொட்டியிலிருந்து வடிந்த நீர் 1,640 பிபிஎம் காட்டியது. பழுப்புத் தேநீர் நிறம். நான்காவது முறை ஊற்றியபோது 380க்கு இறங்கியது. 14 தொட்டிகளையும் முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. விளக்கு இப்போது காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை மட்டும் எரிகிறது. தக்காளியில் அதற்குப் பிறகு வந்த நான்கு இலைகளும் நரம்பும் இடைப்பகுதியும் ஒரே பச்சையாக இருக்கின்றன; பழைய இலைகளில் விளிம்பு கருகாதவற்றில் மஞ்சள் ஓரளவு மங்கியிருக்கிறது. புதிய இலைகளில் புடைப்புகள் இல்லை.

வெள்ளைத் தாளில் தட்டியபோது மிளகாயிலிருந்து ஏழு பூச்சிகள் விழுந்தன. பிறகு அன்றைய பூஜைக்கு வாங்கிய சாமந்தியை உதறினேன். அதிலிருந்து இருபதுக்கும் மேல் விழுந்ததை என் மாமியாரும் பார்த்தார். பூக்களை இப்போது கூடத்தில் வைக்கிறோம். ஒரு மிளகாய்ச் செடி புதுக் குருத்து விட்டுத் தேறிவிட்டது. இன்னொன்றில் நரம்பு தடித்துக் கணுக்கள் நெருங்கத் தொடங்கியதால், நீங்கள் சொன்னபடியே பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டேன்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. எஞ்சிய 13 செடிகளையும் ஆகஸ்ட் கடைசியில் 12 அங்குலத் தொட்டிகளுக்கு மாற்றவிருக்கிறேன். அப்போது நாளுக்குப் பத்து லிட்டர் ஆர்.ஓ. நீர் எடுப்பது நியாயமாகப் படவில்லை. சாஃப்ட்னருக்கு முன்பே, பம்பு அறையின் கச்சா நீர்க் குழாயிலிருந்து பிடித்துக்கொள்ளப் பராமரிப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதை மழைநீருடன் கலந்து பயன்படுத்தலாமா?

பதில் 5: ஹெப்பாள் விதைப்பெட்டி

தாராளமாகப் பயன்படுத்தலாம், பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். கச்சா நீரில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் இருப்பதால் கால்சியம் நைட்ரேட்டையும் எப்சம் உப்பையும் குறைத்துவிடலாம். ஆனால் அந்த நீரிலுள்ள பைகார்பனேட் நாளடைவில் தொட்டியின் காரத்தன்மையை உயர்த்தும். அப்படி உயர்ந்தால் இந்த முறை மஞ்சள் குருத்திலையில், நரம்பு பச்சையாக, இரும்புக் குறையாக வெளிப்படும். மாதம் ஒரு முறை வடிநீரின் பி.எச். பாருங்கள், 6.5ஐத் தாண்டாமல் இருந்தால் போதும். புதிய தொட்டிகளுக்கான கோகோபீட்டை இந்த முறை ஐந்தாறு தண்ணீர் அலசிவிட்டு, கால்சியம் நைட்ரேட்டில் ஓர் இரவு ஊறவைத்து எடுங்கள். ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா வெஜிடபிள் ஸ்பெஷல் என்ற நுண்ணூட்டக் கலவை கிடைத்தால் ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உறையிலுள்ள அளவில் பாதியைத் தக்காளியின் பூப்பருவத்துக்கு முன் ஒரு முறை தெளித்தால் போதும்.